ஒரே கல்லுக்கு மூன்று பெயர்

அன்புள்ள வாசகருக்கு,

காங்கேயத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளின் அறிவியல் நோட்டில் கனிமம், பாறை, தாது, ரத்தினம், கிரானைட், குவார்ட்ஸ், பாக்சைட், நிலக்கரி எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. அத்தனையையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, “அப்பா, கிரானைட் கனிமமா, பாறையா?” என்று அவள் கேட்டாளாம். உங்களுக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சொற்களுக்கெல்லாம் எளிய பொருள் எழுதி ஒரு பட்டியல் அனுப்பும்படி கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியல் அனுப்பப் போவதில்லை. எழுத உட்கார்ந்தால் அரை மணி நேர வேலைதான். ஆனால் அவளுடைய குழப்பத்துக்குக் காரணமே ஒரு பட்டியல்தான் என்பது என் எண்ணம். இனம் வேறான சொற்களை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு வரியில் பொருள் சொல் என்றால் பிள்ளை என்ன செய்யும்? மனப்பாடம்தான் செய்யும்.

ஒரு கல்லைக் கையில் எடுத்தால் அதைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். எதனால் ஆனது? எப்படி உருவானது? மனிதருக்கு எதற்கு உதவும்? முதல் கேள்விக்கு விடையாக வருபவை கனிமங்களின் பெயர்கள்: குவார்ட்ஸ், மைக்கா, கால்சைட். இரண்டாவதற்கு விடை பாறையின் வகை: தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. மூன்றாவது கேள்விக்கான விடைகள் சந்தையிலும் சுரங்கத்திலும் சட்டப் புத்தகத்திலும் புழங்குபவை: தாது, ரத்தினம், ஜல்லி, பளபளப்பு ஏற்றிய ‘கிரானைட்’ பலகை. ஒரே கல் மூன்று வரிசையிலும் மூன்று பெயரோடு நிற்கலாம். எந்தக் கேள்விக்கு எந்தப் பெயர் என்று பிரித்துக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். ஒரு பொருளைக் கனிமம் என்று சொல்ல ஐந்து தகுதி வேண்டும். இயற்கையில் உண்டாகியிருக்க வேண்டும். திடப்பொருளாக இருக்க வேண்டும். உயிரினங்களின் ஆக்கமாக இருக்கக் கூடாது. எந்தத் தனிமம் எந்த விகிதத்தில் என்ற கணக்கு அதற்கு இருக்க வேண்டும். அந்த அணுக்கள் உள்ளே ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அடுக்கைத்தான் படிகம் என்கிறோம்.

இதை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய் ஒவ்வொரு பொருளையும் இந்த ஐந்தில் உரசிப் பார்க்கச் சொல்லுங்கள். கற்கண்டு பார்க்கப் படிகம்தான்; ஆனால் கரும்பிலோ பனையிலோ பிறந்தது, தேறாது. கண்ணாடி டம்ளர் தொழிற்சாலையில் செய்தது, அணுக்களுக்கும் ஒழுங்கான அடுக்கு இல்லை. இரண்டு இடத்தில் தோற்றுப்போகிறது. இந்துப்பு தேறிவிடும். பாகிஸ்தானில் கேவ்ரா சுரங்கம் இருக்கும் மலைத்தொடரில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வற்றிப்போன கடல் விட்டுச்சென்ற படிவு அது. ஹாலைட் என்பது அதன் கனிமப் பெயர். தூத்துக்குடி உப்பளத்து உப்பும் அதே பொருள்தான், ஆனால் பாத்தி கட்டி நீர் பாய்ச்சியது மனிதன். அது கனிமமா என்று அவளே வாதாடட்டும். நானாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் மதிப்பெண் போடுவேன். பிரிட்ஜில் உறைந்த பனிக்கட்டி தேறாது. இமயமலைப் பனி சந்தேகமில்லாமல் கனிமம். உருகி ஓடினால் அந்தத் தகுதி போய்விடும். இதைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் ஒரு நிமிடம் வாயைப் பிளக்கும்.

உலகில் இதுவரை ஏற்கப்பட்ட கனிமங்கள் ஏறத்தாழ ஆறாயிரம். பள்ளிப் பிள்ளைக்கு அதில் பத்துப் பன்னிரண்டு போதும். எவை என்பதைவிட, ஒன்றை மற்றொன்றிலிருந்து எப்படிப் பிரிப்பது என்பதுதான் முக்கியம். எல்லாரும் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். நிறம்தான் அதிகம் ஏமாற்றும்.

உங்கள் ஊருக்கு இந்தச் செய்தி பொருத்தமானது, ஏனென்றால் கரூர், காங்கேயம் வட்டாரத்துக்கு ரத்தினக் கற்களோடு நெடுநாள் பழக்கம் உண்டு. நவரத்தினங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முத்தும் பவளமும் கடல் உயிர்களின் ஆக்கம். கறாராகப் பார்த்தால் கனிமக் கணக்கில் வராதவை. மிச்சம் ஏழு. அவற்றில் மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம்! இரண்டும் குருந்தம், அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அதில் குரோமியம் துளியளவு கலந்தால் சிவந்து மாணிக்கமாகிறது, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகிறது. நகைக்கடையில் புஷ்பராகம் என்று தருவதும் பெரும்பாலும் மஞ்சள் குருந்தம்தான். மரகதம் பெரில் என்ற கனிமம். வைடூரியம் கிரைசோபெரில். கோமேதகம் கார்னெட் குடும்பம். வைரம் வெறும் கார்பன். ஆக ஒன்பது ரத்தினத்தில் கனிமம் ஐந்தே ஐந்து. குருந்தம் என்ற நம் சொல்லையே ஐரோப்பியர் எடுத்துக்கொண்டு கொரண்டம் என்றார்கள். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இன்றும் அந்தக் கல் கிடைக்கிறது. உங்கள் ஊரை அடுத்த படியூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுத்த கடல்நீல நிறக் கல்லும் பெரில்தான், மரகதத்துக்கு உடன்பிறப்பு. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பெரில் மணிகளைப் பார்க்கும்போது, அந்தக் கல்லைத் தேடி அந்தக் காலத்தில் எவ்வளவு தூரம் நடந்திருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். அதிகத் தூரம் இல்லை, கொடுமணலுக்குப் படியூர் பக்கம்தானே.

நிறத்தை நம்ப முடியாது என்றால் வேறு எதை நம்புவது? மூன்று சோதனைகள் நீங்களே செய்யலாம்.

ஒன்று, கடினத்தன்மை. இங்கே கடினம் என்றால் உடையாமல் இருப்பது என்று பொருள் கொள்ளக் கூடாது. கீறல் விழாமல் இருப்பது என்று பொருள். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் வைரமும் சில்லாகும். ஆனால் வைரத்தைக் கீற இன்னொரு வைரம்தான் வேண்டும். ஜெர்மானியரான பிரெடரிக் மோஸ் 1812இல் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார்: டால்க், ஜிப்சம், கால்சைட், புளோரைட், அபடைட், ஆர்த்தோகிளேஸ், குவார்ட்ஸ், டோபாஸ், குருந்தம், வைரம். பின்னால் வருவது முன்னால் உள்ளதைக் கீறும், அவ்வளவுதான் ஏற்பாடு. இதில் ஒரு சூட்சுமம். இந்த எண்கள் மதிப்பெண் மாதிரி சமமாக ஏறுவதில்லை. ஒன்பதாவதான குருந்தத்துக்கும் பத்தாவதான வைரத்துக்கும் உள்ள தூரம், ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். புத்தகம் இதைச் சொல்வது அபூர்வம்.

விரல் நகம் இந்த அளவில் சுமார் இரண்டரை. பேனாக்கத்தியும் பாட்டில் கண்ணாடியும் ஐந்தரையை ஒட்டி. இந்த இரண்டு எல்லைக்கல் போதும். கல்சட்டி வாங்கியிருக்கிறீர்களா? சேலம் பக்கத்து மாக்கல்லில் கடைவது. அதில் பெரும்பகுதி டால்க், ஆகவே புதுச் சட்டியில் நகத்தால் கோடு போடலாம். உங்கள் காட்டில் வெள்ளை வெளேரென்று கிடக்குமே வெங்கச்சங்கல், அது குவார்ட்ஸ். ஒரு பாட்டில் துண்டில் இழுத்துப் பாருங்கள், கண்ணாடியில் கோடு விழும். தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த தெளிவான குவார்ட்ஸில் ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடி செய்தார்கள். துடைக்கத் துடைக்கக் கீறல் விழாத கண்ணாடி என்பது எவ்வளவு பெரிய வசதி!

இரண்டு, பொடியின் நிறம். கல்லின் மேல்நிறம் எப்படியிருந்தாலும் அதைப் பொடித்தால் வரும் நிறம் பெரும்பாலும் மாறாது. தரையில் பதிக்கும் டைல்ஸின் பின்பக்கம், மெருகு ஏறாத சொரசொரப்பான பக்கம், இதற்குப் போதும். ஹெமடைட் என்ற இரும்புக் கனிமம் சில சமயம் உருக்கு மாதிரி சாம்பல் நிறத்தில் பளபளக்கும். டைல்ஸில் தேய்த்தால் காவி! காவிக்கல்லின் காவியே ஹெமடைட் தந்ததுதான். மேக்னடைட் என்ற மற்றொரு இரும்புக் கனிமம் கருப்பாக இழுக்கும், காந்தத்திலும் ஒட்டும். இதைப் புதிய விஞ்ஞானம் என்று நினைக்க வேண்டாம். பொற்கொல்லர் உரைகல்லில் தங்கத்தை இழுத்துப் பார்ப்பது இதே சோதனைதான். தங்கம் போல மின்னி ஆளை ஏமாற்றும் பைரைட்டை உரைகல்லில் இழுத்தால் பச்சை கலந்த கருப்பு வரும், குட்டு உடைந்துவிடும்.

மூன்றாவது சோதனைக்கு வீடு கட்டும் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே கொட்டி வைத்திருக்கும் ஜல்லிதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மிக மலிவான ஆய்வுக்கூடம். எந்தப் பள்ளியும் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. மழையில் நனைந்த பழைய ஜல்லி வேண்டாம், புதிதாக உடைந்த முகம் உள்ளதாகப் பொறுக்கச் சொல்லுங்கள். வெயிலில் மெதுவாகத் திருப்பினால் சில இடங்கள் குட்டிக் கண்ணாடிபோல் சட்டென்று மின்னி அணையும். அந்தத் தட்டையான, பால்வெள்ளையோ வெளிர் ரோஜாவோ ஆன மணிகள் ஃபெல்ட்ஸ்பார். பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பம்தான். உங்கள் பக்கம் கிடைக்கும் சந்திரகாந்தக் கல்லும் இதில் ஒரு வகை. மின்னாமல், ஈரமாக இருப்பது போலச் சாம்பல் நிறத்தில் ஒழுங்கற்று உடைந்திருப்பவை குவார்ட்ஸ். ஊசி முனையால் நெம்பினால் கருஞ்செதிலாக உரிந்து வருவது மைக்கா, நம் ஊர்ச் சொல்லில் காக்காப்பொன்.

ஏன் ஒன்று மின்னுகிறது, ஒன்று மின்னவில்லை? ஃபெல்ட்ஸ்பாருக்குள் அணுப் பிணைப்பு சில திசைகளில் வலுக்குறைவு. அடிபட்டால் அந்தத் திசையில் தட்டையாகப் பிளக்கும். இதைப் பிளவு என்கிறோம். மைக்காவுக்கு ஒரே ஒரு திசையில் அப்படி, அதனால்தான் ஏடு ஏடாக உரிகிறது. குவார்ட்ஸில் எல்லாத் திசையிலும் பிணைப்பு ஏறத்தாழ ஒரே வலு, எனவே கண்டபடி உடைகிறது; அது முறிவு. பிளவு, முறிவு என்ற இரண்டு சொல்லையும் ஜல்லியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை படித்த பிள்ளைக்குத் திரும்பப் படிக்கத் தேவையிருக்காது. கல்லை உடைக்க வேண்டுமென்றால் மட்டும் நீங்கள் கூட இருங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

இப்போது பாறை. கனிமங்கள் சேர்ந்த கலவை பாறை என்று பாடம் சொல்கிறது. மிக்சர் பொட்டலத்தைக் காட்டி விளக்கும் ஆசிரியர்களும் உண்டு. கிரானைட்டுக்கு அது சரி: குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கொஞ்சம் மைக்கா. ஆனால் சுண்ணாம்புக்கல் கிட்டத்தட்ட முழுக்கக் கால்சைட் என்ற ஒரே கனிமம். குவார்ட்சைட் என்ற பாறை முழுக்க முழுக்கக் குவார்ட்ஸ். ஓமப்பொடி மட்டும் இருக்கும் மிக்சரை என்ன சொல்வது? ஆகவே, இயற்கையில் திரண்டு ஒரு பெரும் பரப்பாகக் கிடக்கும் கனிமத் திரள் பாறை, அதில் ஒரு கனிமமும் இருக்கலாம், பலவும் இருக்கலாம் என்று சொல்லுங்கள். உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு விடையும் இதுதான்: கிரானைட் பாறை. அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் கனிமம்.

பாறையில் மூன்று வகை என்பது மூன்று பிறப்பு. உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. இதை எரிமலைப் பாறை என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்; கிரானைட் எரிமலையைப் பார்த்ததே கிடையாது. அது பூமிக்கு அடியிலேயே பொறுமையாக ஆறியது. ஆற நேரம் இருந்ததால் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தன. மேலே வழிந்து சீக்கிரம் ஆறினால் பசால்ட். மணிகள் கண்ணுக்குத் தெரியாமல் கருப்பாக நெருக்கமாக இருக்கும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்து பரவிய அந்தக் குழம்புப் படுகைகளில்தான் அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்திருக்கிறார்கள்.

மணல், சேறு, சிப்பி ஆகியவை நீருக்கடியில் படிந்து அழுந்தினால் படிவுப் பாறை. அரியலூர் சுண்ணாம்புக்கல் அப்படிப்பட்டது. டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. நத்தை ஓடு போல் சுருண்ட அம்மோனைட் புதைபடிவங்கள் அதற்குச் சாட்சி. அந்தக் கடலின் சிப்பியும் சேறும்தான் இன்று சிமென்ட் மூட்டையாக வருகிறது.

வெப்பமும் அழுத்தமும் பட்டு, உருகாமலேயே உள்ளுக்குள் மாறினால் உருமாறிய பாறை. சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாகிறது (தாஜ்மகாலுக்குப் போன மக்ரானா கல் இதுதான்), மணற்கல் குவார்ட்சைட்டாகிறது, களிப்பாறை சிலேட்டாகிறது. கிரானைட் நைஸ் என்ற வரிப்பாறையாகும். வெள்ளையும் கருப்புமாகக் கோடு ஓடினால் அதுதான். உங்கள் மகள் மனத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். உருகிவிட்டால் அது தீப்பாறைக் கணக்கு. உருகாமல் மாறினால்தான் உருமாற்றம். இந்த ஒரு கோட்டில்தான் பெரும்பாலான பிள்ளைகள் இடறுகிறார்கள்.

இடறுவது பிள்ளைகள் மட்டுமல்ல. கல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த கரிய கல் நம் பல்லாவரத்துப் பக்கம் வெட்டிக் கப்பலில் போனது. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து எழுதினார். அந்த வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் விழுந்தது. பரங்கிமலையும் பல்லாவரமும் அந்தப் பாறைக்கு உலக அளவில் மூல இடம். சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பாரோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் அதில் உண்டு. புதிதாக உடைத்தால் எண்ணெய் தடவியது போலப் பச்சையும் நீலமும் கலந்த கருமை.

இது எந்த வகை? குழம்பு ஆறிய தீப்பாறை என்றார் ஹாலண்ட். பின்னால் வந்த பலர், இல்லை, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியது என்றார்கள். 1960இல் சி. எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பாளதுர்கா குவாரியில் ஓர் அதிசயத்தைக் காட்டினார்: சாம்பல் நிற வரிப்பாறையின் நடுவே திட்டுத் திட்டாக அதே பாறை சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையிலேயே நின்றுபோயிருந்தது. சில இடத்துச் சார்னோக்கைட் குழம்பிலிருந்து வந்தது, சில இடத்தது உருமாறியது என்பதே இன்றைய நிலை. தேர்வில் கேட்டால் பாடப் புத்தகம் சொல்வதை எழுதட்டும். ஆனால் இயற்கை மூன்று பெட்டி வைத்துக்கொண்டு பாறை செய்யவில்லை, பெட்டி நாம் செய்தது என்று பன்னிரண்டு வயதில் தெரிந்துகொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

மூன்றாவது வரிசைக்கு வருவோம். குழப்பத்தின் ஊற்று இங்கேதான். தாது என்றால் லாபத்தோடு உலோகம் பிரித்தெடுக்கக்கூடிய கல். ‘லாபத்தோடு’ என்ற சொல் புவியியல் இல்லை, கணக்குவழக்கு. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் மேக்னடைட் கலந்த குவார்ட்சைட் நிறைய உண்டு. அந்த வட்டாரத்து இரும்பை நம்பி 1830இல் பரங்கிப்பேட்டையில் ஜே. எம். ஹீத் ஓர் உருக்காலை தொடங்கினார். அது நிலைக்கவில்லை. இப்போது சேலத்தில் உருக்காலை இருக்கிறது, ஆனால் அது கஞ்சமலையை வெட்டிக் காய்ச்சவில்லை. மலை அப்படியேதான் நிற்கிறது, அதிலுள்ள மேக்னடைட்டும் அப்படியேதான் இருக்கிறது. விலையும் தொழில்நுட்பமும் மாற மாற அது தாது ஆவதும் ஆகாமல் போவதுமாக இருக்கிறது. கனிமம் என்ற பெயர் நிரந்தரம், தாது என்ற பெயர் சந்தை கொடுப்பது.

பாக்சைட் தாது, அலுமினியத்துக்கு. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அதைக் கனிமம் என்று நோட்டில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். பல அலுமினியக் கனிமங்கள் கலந்த பாறை அது. சேலத்தில் வெள்ளைக்கல் என்பார்களே, அது மேக்னசைட், நிஜமான கனிமம். உருக்கு உலைக்குள் பதிக்கும் செங்கல்லுக்குப் போகிறது. வெளுத்துக் கிடந்ததைப் பார்த்து ஆங்கிலேயர் அது கிடைக்கும் குன்றுகளுக்குச் சாக்குக்கட்டி மலை என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். சாக்குக்கட்டி ஒரு துளிகூட இல்லை! நீர்த்த அமிலத்தை விட்டால் கால்சைட் உடனே நுரைக்கும். மேக்னசைட் சும்மா இருக்கும், பொடித்தோ சூடாக்கியோ விட்டால்தான் நுரைக்கும்.

கிரானைட் என்ற சொல்லைக் கடைக்காரர் எப்படிப் புழங்குகிறார் என்று பாருங்கள். பளபளப்பு ஏறும் கடினமான கல் எதுவானாலும் அவருக்குக் கிரானைட். உங்கள் அடுப்பு மேடையில் இருக்கும் ‘கருப்புக் கிரானைட்’ பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ. அதில் குவார்ட்ஸைத் தேடினால் கிடைக்காது. வரி ஓடிய பல வண்ணப் பலகைகள் நைஸ். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறார். உங்கள் மகள் தேர்வில் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. பூஜை அறையில் சலவைக்கல் தரை இருந்தால் மட்டும் எலுமிச்சைச் சாற்றை அங்கே சிந்தவிடாதீர்கள். சலவைக்கல் கால்சைட், பளபளப்பு போய்விடும்.

சட்டத்துக்கு இன்னொரு அகராதி. சுரங்கங்கள், கனிமங்கள் பற்றிய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் நிலக்கரி கனிமம், ஆற்று மணல் சிறுகனிமம். அறிவியலுக்கு நிலக்கரி மக்கிப்போன செடிகொடி. ஆகவே கனிமம் ஆகாது, ஆனால் படிந்து அழுந்தியதால் படிவுப் பாறையோடு சேர்க்கிறார்கள். செய்தித்தாளில் ‘கனிமக் கொள்ளை’ என்று படித்துவிட்டு மணல் கனிமமா என்று அவள் கேட்டால், மணல் பல கனிமங்களின் துகள், வழக்குப் போடுவதற்கு மட்டும் அது கனிமம் என்று சொல்லுங்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் தனித்தனித் துகளாகக் கிடக்கின்றன. மலைப்பாறை சிதைந்து, மென்மையானவை கரைந்துபோய், தேயாதவையும் கனமானவையும் கரையில் ஒதுங்கியிருக்கின்றன. தொழிற்சாலையில் அவற்றைக் காந்தம், மின்சாரம், எடை ஆகியவற்றை வைத்துப் பிரிக்கிறார்கள்.

நோட்டை மாற்றி எழுதலாம் என்று நினைத்தால் ஒரு யோசனை. சொல்லை இடப்பக்கம் எழுதிப் பொருளை வலப்பக்கம் எழுதுவதை விட்டுவிடச் சொல்லுங்கள். வாரம் ஒரு கல் போதும். கிடைத்த இடம், நகமோ கத்தியோ கண்ணாடியோ கீறியதா, பொடி என்ன நிறம், மின்னுகிறதா, எலுமிச்சைச் சாற்றில் நுரைக்கிறதா. அதன் கீழே மூன்று வரி: எதனால் ஆனது, எப்படி உருவானது, எதற்கு உதவுகிறது. ஆட்டுக்கல்லில் தொடங்குவது நல்லது. கொத்து உளியால் கொத்தக் கொத்தச் சொரசொரப்பு நிற்க வேண்டுமென்றால் மணிகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் கடினமான பாறை வேண்டும். மாக்கல்லில் ஏன் ஆட்டுக்கல் செய்வதில்லை, ஆட்டுக்கல் பாறையில் ஏன் சட்டி கடைவதில்லை என்று அவளே எழுதட்டும். விடை தெரியாத வரி காலியாக இருக்கலாம். அடுத்த விடுமுறையில் திருவக்கரைக்கோ பெரம்பலூர் சாத்தனூருக்கோ கல்மரம் பார்க்கக் கூட்டிப்போங்கள். மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டு, வளையம்கூட மாறாமல் நிற்கும். அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்து வரக் கூடாது, அவை பாதுகாக்கப்பட்டவை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்

பின்குறிப்பு: தோட்டத்தில் கிடைத்த கனமான கருப்புக் கல் விண்கல்லாக இருக்குமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டைல்ஸின் பின்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். காவியாக இழுத்தால் ஹெமடைட், கருப்பாக இழுத்துக் காந்தத்திலும் ஒட்டினால் மேக்னடைட்டாக இருக்கலாம். மேலெல்லாம் குமிழி வெடித்த ஓட்டைகள் இருந்தால் பழங்காலத்து இரும்பு உலையிலிருந்து வடிந்த கிட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வட்டாரத்தில் அப்படி உலை வைத்த இடங்கள் உண்டு. அப்படியானால் அது பாறையும் ஆகாது, கனிமமும் ஆகாது. தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள், கிடந்த இடத்தில் மேற்கொண்டு தோண்ட வேண்டாம்.